விவசாயியின் படிப்பை எங்கே அளப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இயற்கை விவசாயம் பற்றிய மேடைகளிலும் செய்திகளிலும் ஒரு பேச்சு ஓயாமல் வருகிறது. இயற்கை வழியில் பயிர் செய்கிறவர் பட்டம் பெற்றவர், நாலு இடம் பார்த்தவர், துணிந்தவர்; யூரியா போடுகிறவர் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர், பழக்கத்தை மாற்ற மனம் இல்லாதவர் என்பது அந்தப் பேச்சு. இதைத் திருப்பிப் போட்டுப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். வேறு வருமானம் உள்ள படித்தவர்களுக்குத்தான் இயற்கை விவசாயம் சரிப்படும், வயலை மட்டும் நம்பிப் பிழைப்பவன் உரக்கடைக்குத்தான் போயாக வேண்டும் என்பார்கள். காவிரிப் படுகையின் நெல் வயலில் வைத்துப் பார்த்தால் இரண்டு பேச்சும் நிற்காது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல இடம் தர வேண்டுகிறேன்.

இயற்கை வேளாண்மையின் முன்னோடிகள் பலர் படித்தவர்கள் என்பது உண்மை. நம்மாழ்வார் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்து, கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர். சுபாஷ் பாலேக்கர் வேளாண் பட்டதாரி. ஜப்பானின் ஃபுகுவோகா, பயிர் நோயியல் படித்துத் துறைமுகத்தில் பயிர்ச் சோதனைப் பணியில் இருந்தவர். பஞ்சகவ்யத்தைப் பயிருக்கு ஏற்றபடி வடிவமைத்துப் பரப்பிய கொடுமுடி நடராஜன் அலோபதி மருத்துவர். ஆனால் 2021இல் பத்மஸ்ரீ பெற்ற மேட்டுப்பாளையம் தேக்கம்பட்டி இயற்கை விவசாயி பாப்பம்மாளிடம் பட்டம் எதுவும் இருக்கவில்லை. இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும். பசுமைப் புரட்சி என்றதும் பலரும் குறை சொல்லும் எம்.எஸ்.சுவாமிநாதன், 1968 ஜனவரியில் வாரணாசியில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டிலேயே, மண்வளத்தைக் காக்காமல் தீவிர சாகுபடி செய்தால் நிலம் பாழாகும் என்று எச்சரித்தார். யார் எந்த முகாம் என்பதைப் படிப்பை வைத்துப் பிரிக்க முடியாது என்பதற்கு இதுவே போதும்.

இயற்கை விவசாயிகள் அதிகம் படித்தவர்கள் என்று பல நாட்டு ஆய்வுகளில் முடிவு வருகிறதே என்று கேட்கலாம். வருகிறது. அந்த ஆய்வுகளில் பெரும்பாலும் யாரை இயற்கை விவசாயி என்று கணக்கில் எடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். சான்றிதழ் பெற்றவரைத்தான். நம் மாநிலத்தில் விதைச்சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறையில் பதிவு செய்ய நிலத்தின் ஆவணம் வேண்டும், பண்ணையின் வரைபடம் வேண்டும், பக்கத்து வயலின் மருந்து வந்து விழாதபடி விட்ட இடைவெளி அதில் காட்டப்பட வேண்டும். என்று என்ன இட்டோம், எங்கே வாங்கினோம், எவ்வளவு அறுத்தோம், யாருக்கு விற்றோம் என்று பண்ணைக் குறிப்பேடு தொடர்ந்து எழுத வேண்டும். ஆண்டுப் பயிருக்கு விதைப்புக்கு முன் 2 ஆண்டும், பல்லாண்டுப் பயிருக்கு முதல் அறுவடைக்கு முன் 3 ஆண்டும் மாற்றக் காலம், அதாவது ரசாயனத்தை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டிய காலம். இத்தனையையும் எழுதி, கோப்பு போட்டு, ஆய்வாளர் வரும்போது எடுத்துக் காட்டக்கூடியவர்தான் பட்டியலில் நிற்பார். எழுதத் தெரிந்தவரை மட்டும் உள்ளே விடும் வாசலை வைத்துவிட்டு, உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் எழுதத் தெரிந்தவர்கள் என்று கண்டுபிடிப்பதில் என்ன இருக்கிறது? குறைந்தது 5 விவசாயிகள் சேர்ந்து ஒருவர் வயலை ஒருவர் பார்த்து உறுதி செய்யும் பங்கேற்பு உத்தரவாத முறை இதைவிட எளிது. அதிலும் படிவம் நிரப்ப ஒருவர் வேண்டியிருக்கிறது. மலையில் தலைமுறையாக உரமே போடாமல் சாமையும் தினையும் விதைக்கும் பாட்டி எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

உரம் போடும் விவசாயியை மாற்றத்துக்கு மறுப்பவர் என்பதும் வரலாற்றுக்குப் பொருந்தாது. 1960களின் தொடக்கத்தில் தீவிர வேளாண் மாவட்டத் திட்டம் தஞ்சாவூருக்கு வந்தபின், பரம்பரையாகப் பயிரிட்ட நெட்டை ரகங்களை விட்டுவிட்டு ஆடுதுறை 27க்கு மாறியவர்கள் அந்த மாவட்டத்து விவசாயிகள். திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சிகளைக் கேட்டு மாறியதால் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வந்தது. அவர்களில் எத்தனையோ பேருக்குக் கையெழுத்து மட்டும்தான் தெரியும். விதை, உரம், நாற்றங்கால், நடவு இடைவெளி என்று எல்லாவற்றையும் சில பருவங்களுக்குள் மாற்றிக்கொண்டார்கள். காரணம், சொன்னது அவர்கள் பேச்சில் இருந்தது, செய்முறை வயல் நடந்து போய்ப் பார்க்கும் தூரத்தில் இருந்தது, கடன் கூட்டுறவுச் சங்கத்தில் கிடைத்தது. அன்றைக்கு உரத்தைக் கற்றுக்கொண்டவர்கள் இன்றைக்குத் தொழுவுரத்தையும் கற்றுக்கொள்வார்கள். அதே மூன்றும் கிடைத்தால் நடக்கும்.

இனி, படிப்பு நிஜமாகவே கைகொடுக்கும் இடத்துக்கு வருகிறேன். அது பட்டத்தில் இல்லை, கணக்கில் இருக்கிறது.

பூச்சிமருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். குருத்துப்பூச்சிக்கும் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் அடிக்கும் குளோரான்ட்ரனிலிப்ரோல் 18.5 எஸ்.சி. மருந்தின் அளவு ஹெக்டேருக்கு 150 மில்லி, அதாவது ஏக்கருக்கு 60 மில்லி. கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் அடித்தால் 10 லிட்டர் டேங்க் 20 ஆகும், டேங்குக்கு 3 மில்லி. அதே ஏக்கரை 16 லிட்டர் பவர் ஸ்பிரேயரில் 8 டேங்கில் முடிக்கிறவர் டேங்குக்கு 7.5 மில்லி ஊற்ற வேண்டும். டேங்குக்கு 3 மில்லி என்று மனத்தில் பதிந்தவர் பவர் ஸ்பிரேயருக்கு மாறினால் ஏக்கருக்கு 24 மில்லிதான் விழும். பூச்சி சாகாது, எதிர்ப்புச் சக்தி வளரும், அடுத்த முறை 'இந்த மருந்து வேலை செய்யவில்லை' என்று இரண்டு மருந்தைக் கலந்து அடிப்பார். இதற்கு நேர்மாறாக, 'ஒரு மூடி' என்று அளக்கிறவர் ஒரு கம்பெனி மூடியை வைத்து இன்னொரு கம்பெனி மருந்தை அளந்தால் மூடியின் கொள்ளளவு மாறிப்போய் அளவு கூடிவிடும். பாட்டிலோடு வரும் துண்டுத்தாளில் எல்லாம் இருக்கிறது, ஆனால் படிக்க முடியாத பொடி எழுத்தில், ஹெக்டேர் கணக்கில். டெல்டாவில் விவசாயி நினைப்பது மாவிலும் வேலியிலும். 3 மா ஓர் ஏக்கர், 20 மா ஒரு வேலி. ஹெக்டேரை ஏக்கராக்கி, ஏக்கரை மாவாக்கி, மாவை டேங்காக்குவது எம்.ஏ. படித்தவருக்கும் வரப்பில் நின்று செய்யக் கடினம். பாட்டிலின் முக்கோணத்தில் சிவப்பு இருந்தால் கடும் நஞ்சு, அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், பச்சை என்ற வரிசை மட்டும் எழுத்தறியாதவருக்கும் பயன்படும்படி அமைந்திருக்கிறது. அதையும் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும்.

யூரியா அதிகம் போடுவதை மனப்போக்கு என்று பழிப்பதும் பாதி உண்மைதான். சம்பா போன்ற மத்திய, நீண்டகால ரகங்களுக்குப் பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்), 50 மணிச்சத்து (பாஸ்பரஸ்), 50 சாம்பல்சத்து (பொட்டாசியம்). ஏக்கருக்கு 60, 20, 20. மணிச்சத்து முழுவதையும் டி.ஏ.பி.யில் தந்தால் சுமார் 43 கிலோ டி.ஏ.பி. போதும், அதிலேயே ஏறக்குறைய 8 கிலோ தழைச்சத்தும் வந்துவிடும். மீதி 52 கிலோவுக்கு யூரியா 113 கிலோ, அதாவது 45 கிலோ மூட்டையில் இரண்டரை. சாம்பல்சத்துக்குப் பொட்டாஷ் 33 கிலோ. ஆனால் யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு, டி.ஏ.பி. மூட்டை 1,350 ரூபாய். எதை அதிகம் போடுவார்கள், எதைக் குறைப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. பொட்டாஷ் நின்றுபோகிறது, யூரியா கூடிப்போகிறது, இலை கரும்பச்சையாகித் தளதளவென்று நிற்கிறது, இலைச்சுருட்டுப் புழு இறங்குகிறது, கடைசியில் தூரடியில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சி வருகிறது. புகையானுக்கு சைபர்மெத்ரின் வகை மருந்தை அடித்தால் சிலந்தி முதலில் சாகும், புகையான் இன்னும் பெருகும். இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியை அரசின் விலைக் கொள்கை போடுகிறது, விவசாயியின் படிப்பு அல்ல.

இந்தச் சங்கிலியை அறுக்க எழுத்தறிவே தேவைப்படாத ஒரு கருவி இருக்கிறது: வெளிர் பச்சையிலிருந்து கரும்பச்சை வரை எண் போட்ட பட்டைகள் உள்ள இலை வண்ண அட்டை. நட்ட 14ஆம் நாளிலிருந்து பூக்கும்வரை வாரம் ஒரு முறை, வயலில் 10 குத்தில் முழுதாக விரிந்த மேல் இலையை, வெயில் நேராகப் படாமல் நம் உடம்பின் நிழலில் வைத்து அட்டையோடு ஒப்பிட வேண்டும். பார்க்க வேண்டிய பட்டை வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4. பத்தில் ஆறு இலையாவது அதற்குக் கீழே வெளிறி இருந்தால் மட்டும் மேலுரம். குறுவையில் ஏக்கருக்குச் சுமார் 30 கிலோ யூரியா, சம்பாவில் 26 கிலோ. வெளிறவில்லை என்றால் அந்த வாரம் உரமே வேண்டாம். இதைச் செய்கிறவர் உர விவசாயியாக இருந்தும் மண்ணுக்கும் பைக்கும் நல்லது செய்கிறார். எத்தனை உரக்கடையில் இந்த அட்டை தொங்குகிறது?

இயற்கை வழியில் கணக்குத் தவறுவது இன்னும் ஆபத்தானது, ஏனென்றால் அங்கே தவறைத் திருத்த மேலுரம் கிடையாது. ஜீவாமிர்தத்துக்கு ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர், 10 கிலோ சாணம், 5 முதல் 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு கைப்பிடி மண். நிழலில் 48 மணி நேரம், தினமும் கிளறல். இதைக் கற்றவர்களில் பலர் இதுவே உரம் என்று நம்பி வேறு எருவை நிறுத்திவிடுகிறார்கள். 10 கிலோ ஈரச் சாணத்தில் தழைச்சத்து சில பத்துக் கிராம்தான். ஜீவாமிர்தம் நுண்ணுயிரைப் பெருக்கும் கரைசல். அந்த நுண்ணுயிர் தின்பதற்கு மண்ணில் மக்கும் பொருள் இருக்க வேண்டும். அதைப் போடாமல் கரைசலை மட்டும் ஊற்றினால், பழைய இருப்பு தீரும்வரை ஓரிரு போகம் விளையும், பிறகு பயிர் மஞ்சளாகும். 'இயற்கை விவசாயம் தோற்றுவிட்டது' என்ற பேச்சு பெரும்பாலும் அங்கே பிறக்கிறது.

சரியான கணக்கு இப்படிப் போகும். ஏக்கருக்கு 5 டன் மக்கிய தொழுவுரத்தில் தழைச்சத்து 25 கிலோ அளவு இருந்தாலும், முதல் போகத்துக்குக் கிடைப்பது மூன்றில் ஒரு பங்குதான், சுமார் 8 கிலோ. ஏக்கருக்கு 20 கிலோ விதைத்த தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரப்பயிரை 45ஆம் நாள், பூ எடுக்கும் தறுவாயில் மடக்கி உழுதால் 8 முதல் 10 டன் பசுந்தழையும் 32 முதல் 40 கிலோ தழைச்சத்தும் சேரும். இரண்டும் சேர்ந்து 40 முதல் 48 கிலோ. 60 கிலோ கேட்கும் ரகத்துக்கு இது பற்றாது. ஏக்கருக்கு 30 கிலோ போதும் என்கிற வெள்ளைப் பொன்னிக்குத் தாராளம். தூயமல்லி, மாப்பிள்ளைச் சம்பா போன்ற நெட்டை ரகங்களுக்குத் தழைச்சத்தை இதற்கு மேலும் ஏற்றினால் கதிர் வரும்போது சாய்ந்துவிடும். ஆகவே இயற்கை விவசாயி எடுக்கிற முதல் முடிவு கரைசல் எது என்பதல்ல, ரகம் எது என்பது. இதைத் தெரிந்துகொண்ட கையெழுத்துக்காரர் நிலைத்து நிற்கிறார். தெரியாத பொறியியல் பட்டதாரி இரண்டு ஆண்டில் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிடுகிறார்.

மற்றத் தவறுகளும் இதே இனம்தான். மக்காத சாணத்தை அள்ளிக் கொட்டினால் வேர்ப்புழு வரும். வைக்கோலை மக்கவிடாமல் உழுதால், அதை மக்கவைக்கும் நுண்ணுயிரே பயிரின் தழைச்சத்தை எடுத்துக்கொள்வதால் நடவு பிடிக்காமல் வெளுத்து நிற்கும். பஞ்சகவ்யம் 10 லிட்டருக்கு 300 மில்லி, 3 சதம். 'இயற்கைதானே' என்று ஒரு லிட்டர் ஊற்றினால் இலை கருகும். வடிகட்டாமல் ஊற்றினால் முனை அடைக்கும். வேப்பங்கொட்டைக் கரைசல் 5 சதம் என்றால் 200 லிட்டருக்கு 10 கிலோ பருப்பு இடித்து இரவு முழுக்க ஊறவைக்க வேண்டும்; 8 மாதத்துக்கு மேல் பழசான, பூஞ்சணம் பிடித்த கொட்டையில் வீரியம் இருக்காது; காதி சோப்புக் கரைசல் சேர்க்காவிட்டால் இலையில் ஒட்டாது; வெயிலில் சக்தி அழியும் என்பதால் மாலையில்தான் அடிக்க வேண்டும். விதையைப் பூஞ்சணக்கொல்லியில் நேர்த்தி செய்தவர் 24 மணி நேரம் விடாமல் அசோஸ்பைரில்லம் என்ற நுண்ணுயிர் உரத்தைக் கலந்தால் நுண்ணுயிர் செத்துவிடும். உரக்கடையில் வெயில்பட வைத்த, காலாவதியான பாக்கெட்டில் முதலிலேயே செத்திருக்கும்.

மனப்போக்கைப் பற்றி ஒன்று. மூன்று ஆண்டு பொறுத்தால் மண் திரும்பும் என்று சொல்வது எளிது. யாருக்கு மூன்று ஆண்டு இருக்கிறது? டெல்டாவில் கோயில், மடத்து நிலம் உட்பட ஏராளமான வயல்கள் குத்தகையில் ஓடுகின்றன, அதில் பெரும்பகுதி வாய்ப்பேச்சுக் குத்தகை. அடுத்த ஆண்டு இந்த வயல் தன் கையில் இருக்குமா என்று தெரியாதவர் 5 டன் எருவை அடுத்தவர் நிலத்தில் ஏன் போட வேண்டும்? போட்டாலும் காகிதம் இல்லாமல் சான்று கிடைக்காது. தக்கைப்பூண்டுக்கும் இதே நிலைதான். ஜூன் 12க்கு மேட்டூர் திறந்தாலும், குறுவைக்கு முன் ஏப்ரல், மே மாதத்தில் பூண்டு விதைக்க ஆழ்துளைக் கிணறு வேண்டும். ஆற்றுத் தண்ணீரை மட்டும் நம்புகிறவர் குறுவையை விட்டுக்கொடுத்து, சம்பாவுக்கு முன்தான் விதைக்க முடியும். ஆசிரியர் சம்பளமோ, பென்ஷனோ, வெளிநாட்டுப் பிள்ளையின் பணமோ வருகிற வீட்டில் இந்த முடிவு சுலபம். அந்த வீட்டில் படிப்பும் இருக்கும். படிப்பும் சேமிப்பும் ஒரே வீட்டில் இருப்பதால், சேமிப்பு செய்யும் வேலைக்குப் படிப்பு பேர் வாங்கிக்கொள்கிறது.

கட்டளையால் மனத்தை மாற்றலாம் என்று நினைத்ததன் விளைவை இலங்கை 2021இல் கண்டது. மே மாதம் ரசாயன உர இறக்குமதியைத் தடை செய்து, நவம்பரில் அதைக் கைவிட வேண்டி வந்தது. இடையில் பெரும்போக நெல் விவசாயியும் மலையகத் தேயிலைத் தொழிலாளியும் பட்ட பாடு தமிழ் வாசகர்களுக்குத் தெரியும். அங்கேயும் எழுத்தறிவு குறைவில்லை. ஏக்கருக்கு எத்தனை கிலோ தழைச்சத்து எங்கிருந்து வரும் என்ற கணக்கு இல்லாமல் இறங்கினார்கள்.

கற்றுக்கொடுக்கும் வழி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இந்தோனேசியாவே நல்ல முன்மாதிரி. 1986இல் புகையான் தாக்குதலுக்குப் பிறகு அந்த நாட்டு அரசு 57 பூச்சிமருந்து வகைகளை நெல்லில் தடை செய்தது. 1989இல் உலக உணவு வேளாண்மை அமைப்பின் துணையோடு வயல்வெளிப் பள்ளி தொடங்கியது. சுமார் 25 விவசாயிகள் ஒரு பருவம் முழுக்க வாரம் ஒரு காலை வயலில் கூடுவார்கள். சில குத்துகளைப் பிரித்துப் பார்த்துத் தீமை செய்யும் பூச்சியையும் நன்மை செய்யும் பூச்சியையும் எண்ணி, தாளில் படமாக வரைவார்கள். மருந்து வேண்டுமா வேண்டாமா என்று அந்தப் படத்தை வைத்து அவர்களே முடிவெடுப்பார்கள். நம் பரிந்துரையும் அதையே சொல்கிறது: தூருக்கு, அதாவது குத்தின் ஒரு கிளைக்கு, ஒரு புகையான் இருந்தால் மருந்து, குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். இதை எண்ணக் கண் போதும். ஆந்திராவின் இயற்கை வேளாண் திட்டத்தில் பக்கத்து ஊர் விவசாயிகளே, அவர்களில் பலர் சுய உதவிக்குழுப் பெண்கள், பயிற்றுநராகப் போகிறார்கள். நம் ஊரில் வயல்வெளிப் பள்ளி திட்ட அறிக்கைகளில் இருக்கிறது. வாரம் தவறாமல் நடந்தால்தான் அது பள்ளி, தொடக்க நாளில் புகைப்படம் எடுத்துக்கொண்டு கலைந்தால் அது கூட்டம். அந்தப் பள்ளியில் இயற்கை விவசாயியையும் உர விவசாயியையும் தனித்தனியாக உட்காரவைப்பதும் தவறு. ஒருவர் சிலந்தியை எண்ணுவதில் கெட்டி, மற்றவர் மூட்டைக் கணக்கில் கெட்டி.

2023 மார்ச்சில் தமிழக அரசு அங்கக (இயற்கை) வேளாண்மைக் கொள்கை வெளியிட்டது. அதைச் செயல்படுத்துகிறவர்கள் சில வேலைகளை முதலில் செய்யலாம். மருந்து, உரப் பரிந்துரைகளை ஏக்கருக்கும் மாவுக்கும், 10 லிட்டர், 16 லிட்டர் டேங்குக்கும் கணக்கிட்டுப் பெரிய எழுத்தில் ஒவ்வொரு உரக்கடையிலும் ஒட்ட வேண்டும். பெரும்பாலான விவசாயிக்கு முதல் ஆலோசகர் உரக்கடைக்காரர்தான். அவரைத் திட்டுவதைவிட விவசாயிக்குச் சரியாக ஆலோசனை சொல்ல அவருக்குத் தரும் பட்டயப் பயிற்சியைத் தரமாக நடத்துவது பயன் தரும். பண்ணைக் குறிப்பேட்டைப் படமும் கட்டமும் உள்ள ஏடாக மாற்ற வேண்டும். நில உரிமையாளரின் கையெழுத்தை மட்டும் பார்க்காமல், குத்தகைதாரர் பெயரிலேயே குழுச் சான்று கிடைக்க வழி செய்ய வேண்டும்.

உங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். கணினி வேலையை விட்டு வந்து இயற்கை விவசாயத்தில் வென்றவர் பற்றி வாரம் ஒரு கட்டுரை வருகிறது. வரட்டும். அத்தோடு நான்கு விவரங்களைக் கேட்டு அச்சிடுங்கள்: நிலம் சொந்தமா குத்தகையா, வீட்டில் வேறு வருமானம் எவ்வளவு, ஏக்கருக்கு எத்தனை டன் எருவும் பசுந்தாளும் போனது, முதல் மூன்று ஆண்டுகளில் ஆண்டுவாரியாக எத்தனை மூட்டை கண்டது. உரம் போட்டு அமோக விளைச்சல் எடுத்தவர் பற்றி எழுதும்போதும், எத்தனை முறை மருந்தடித்தார், ஏக்கருக்கு எத்தனை மூட்டை யூரியா போட்டார் என்று சேர்த்துப் போடுங்கள். படித்துவிட்டு அடுத்த வயல்காரர் தன் கணக்கைத் தானே போட்டுப் பார்க்க அவை வேண்டும்.

இப்படிக்கு,
வேளாண் பயிற்றுநர் ஒருவர்,
திருவாரூர் மாவட்டம்.